ரமாவின் நாய்

துலூஸ், பிரான்ஸ்
11.02.2024

அன்புள்ள தங்கச்சி ஜெயகௌரிக்கு,

இந்தக் கடிதம் கிடைக்கிற நேரம் நீயும் ராசா மச்சானும் குளிர் காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்கவேண்டும். எனக்குக் காதைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நீ போனில் கத்துவதைக் கேட்டு எங்கள் மாடிக்காரர் எல்லாரும் தமிழ் பழகிவிடுவார்கள் போலிருக்கிறது. எனக்கு மட்டும்தான் விளங்கவில்லை. ஆகவே இனிமேல் கடிதம் எழுதுவோம்.

என் நாய் பியேர் வருகிற சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவான். லண்டன் கடைகளுக்குச் சாமான் கொண்டுபோகிற தெரிந்த ஆள் ஒருவர் தன் வான் வண்டியில் ஏற்றி வருவார். நாய்க்குப் பாஸ்போட், கடுதாசி ஒன்றும் இல்லை. யாரும் கேட்டால் அங்கேயே பிறந்தவன் என்று சொல்லிவிடுங்கள். நான் போகிற முதியோர் குடியிருப்பில் நாய் வைக்க விடமாட்டார்கள். உன் அண்ணி சுசிலா கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் கையில் பிடித்துத் தந்தது இந்த நாயின் கயிற்றைத்தான். வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஆள் முழுக் கறுப்பு. சோறு தின்பான், பருப்பென்றால் உயிர். யாராவது போட்டுக் கழற்றிய சப்பாத்துக்குள் மூக்கை விட்டால்தான் நித்திரை வரும். வருத்தம் வாதை, நோய் நொடி என்று சொல்ல ஒன்றுமில்லை.

மச்சானையும் விசாரித்ததாகச் சொல்.

அன்பு அண்ணன்,
செல்வரத்தினம்


நோர்பரி, லண்டன்
03.03.2024

அன்பான அண்ணைக்கு,

நானும் இவரும் நல்ல சுகம். உங்கள் காதுக்கு மெஷின் வைக்கச் சொன்னார்களே, வைத்தீர்களா? புது இடத்தில் சாப்பாடு எப்படி?

உங்கள் ஆள் வந்து சேர்ந்துவிட்டான். வானால் இறங்கினான், வாசல் பூச்சட்டிக்குக் காலைத் தூக்கினான், நேரே குசினிக்குள் போய் அடுப்படியில் படுத்துவிட்டான். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட இந்த எடுப்பு இராது. நாயைத் தொடவே மாட்டேன் என்று முதல் நாள் சொன்ன இவர், இப்போது பெற்றோல் ஸ்ரேஷன் ஷிப்ட் முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்றி அவன் முன்னால் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

பெயரை இவர் மாற்றிவிட்டார். "பியேர் எண்டு றோட்டில கூப்பிட்டால் எங்கால வந்தது எண்டு கேப்பாங்கள்" என்று இப்போது பீற்றர். மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் அடையாளச் சிப்பும் போட்டாயிற்று. எங்கே பிறந்தது என்று அந்த டொக்டர் பிள்ளை கேட்க, இவர் கண் வெட்டாமல் "நோர்பரி" என்றார். எப்போதாவது வெளிநாடு போனதா என்று கேட்க, "இல்லை" என்றார். அண்ணை, அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஜெர்மனியில் அகதிக் கேஸ் தள்ளுபட்டதைச் சொல்லாதே, கொழும்பிலிருந்து நேரே வந்தேன் என்று சொல் என்று உங்கள் பாரிஸ் அறையில் இருத்திப் பாடமாக்கிவிட்டீர்களே, அந்தக் குரல். பாஸ்போட் கிடைத்து எத்தனையோ வருஷம் ஆனபிறகும் கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் இவர் அதை உடைக்காமல் என்னிடம் நீட்டுவார். ஒரு பொய் பிடிபட்டால் எல்லாவற்றையும் கிளறி எங்களை ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்று இன்றைக்கும் நம்புகிறார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அண்ணி தந்த நாய். என் கண் போலப் பார்ப்பேன். நீங்கள் கவலைப்படவேண்டாம்.

உங்கள் தங்கை,
ஜெயகௌரி


துலூஸ்
20.05.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். காது மெஷின் வைத்திருக்கிறேன். அது பக்கத்து அறைக்காரியின் குறட்டையை மட்டும் தெளிவாகக் கேட்பிக்கிறது. உன் முழங்கால் நோவு எப்படி?

உன் கடிதத்தை நாலைந்து தரம் வாசித்தேன். பீற்றர் என்ற பெயர் அவனுக்குப் பொருந்தாது, ஆனால் பெயரா முக்கியம். கடிதம் எழுதும்போதெல்லாம் அவனைப் பற்றி ஒரு வரி எழுது. காலையில் கயிற்றை எடுக்கக் கை போகிறது, பிறகுதான் ஞாபகம் வருகிறது. அவனில் உண்ணி எதையும் கண்டாயா? சும்மாதான் கேட்டேன்.

செல்வரத்தினம்


நோர்பரி
08.09.2024

அன்பான அண்ணைக்கு,

உங்கள் தேக சுகத்துக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நாங்கள் சுகம். பீற்றரும் சுகம். நாள் பிந்தி எழுதுகிறேன் என்று கோபிக்கவேண்டாம். முழங்கால் பரவாயில்லை.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். எனக்கு ரமா என்று ஒரு சிநேகிதி, சென்னைக்காரி, ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறாள். அவளிடம் ஒரு நாய் உண்டு. போன மாதம் தொடக்கம் அதற்குச் சரியான வருத்தம். சாப்பிடாது, காய்ச்சல், பல் முரசெல்லாம் வெளிறிக் கடுதாசி மாதிரி. ஒருநாள் பின்வளவுச் சீமெந்தில் அது மூத்திரம் பெய்ய, பார்த்தால் பால் விடாத தேநீர் நிறம். ரமா பயந்து கத்திவிட்டாளாம். வைத்தியரிடம் கொண்டுபோனால், அதன் உடம்பே அதன் இரத்தத்தை எதிரி என்று நினைத்து அழிக்கிறது, ஏன் என்று தெரியாது என்கிறார்கள். ஏன் ஒரு உடம்பு தன்னையே அழிக்கவேண்டும்? எனக்கு விளங்கவில்லை. ரமாவுக்கும் விளங்கவில்லை. அந்தச் சண்டையை அடக்கக் குளிசை கொடுத்திருக்கிறார்கள்.

நீங்கள் நாயோடு இருந்த ஆள். இப்படிக் கேள்விப்பட்டதுண்டா? இவரும் பாவம், வேலையால் வந்து சாப்பிடாமல் அந்த நாயின் பக்கத்தில் போய் இருக்கிறார்.

உங்கள் தங்கை,
ஜெயகௌரி


துலூஸ்
14.09.2024

ஜெயகௌரி,

சுகம் விசாரித்தல் எல்லாம் பிறகு. உன் கடிதம் இன்று காலை வந்தது, இன்றே எழுதுகிறேன்.

ரமாவின் நாய் என்ன நிறம்? எங்கே பிறந்தது? பிரான்ஸ் பக்கம் எப்போதாவது வந்து போனதா? அவள் அதை யாரிடம் வாங்கினாள்? மறக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் எழுது.

செல்வரத்தினம்


நோர்பரி
29.09.2024

அன்பான அண்ணைக்கு,

உங்கள் அவசரத்தைப் பார்த்து ஒருகணம் பயந்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே? இரத்த அழுத்தக் குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

நிறம் கேட்டிருந்தீர்கள். பிரவுண். முழுப் பிரவுண், ஒரு கறுப்பு மயிர்கூட இல்லை. லண்டனில்தான் பிறந்தது. ரெய்னர்ஸ் லேனை விட்டு எங்கும் போனதில்லை.

குளிசை கொடுத்ததும் எழும்பி நடந்தது. சோறும் பருப்பும் தின்றது. வருத்தம் மாறிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். பத்து நாள்கூட இல்லை, திரும்பவும் படுத்துவிட்டது. வேறொரு நாயின் இரத்தம் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் வால் ஆட்டியது. பிறகு அதுவும் இல்லை. டொக்டர் பிள்ளை ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சோதனை செய்கிறாள், ஒவ்வொரு முறையும் நெற்றியைச் சுருக்குகிறாள்.

இவர் விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை செய்யப் போனார். ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்டிருக்கிறார். இவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தன்னுடைய நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பீற்றர் சுகம்.

ஜெயகௌரி


துலூஸ்
24.10.2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன், உங்கள் சுகமும் அப்படியே என்று நம்புகிறேன். பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். இங்கே மழை பிடித்துவிட்டது.

நான் ஒன்றை நினைத்துப் பயந்திருந்தேன். பிரவுண் நாய், லண்டனில் பிறந்தது, எங்கும் போகவில்லை என்றபடியால் அது இல்லை. நல்ல காலம். ரமாவை வைத்தியர் சொல்வதைக் கேட்டு நடக்கச் சொல். படித்தவர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது.

பீற்றருக்கு என் முத்தம்.

செல்வரத்தினம்


நோர்பரி
06.11.2024

அன்பான அண்ணைக்கு,

சுகமா? நாங்கள் இருக்கிறோம்.

நீங்கள் எதை நினைத்துப் பயந்தீர்கள்? ஏன் அதை எழுதவில்லை? இரண்டு நாளாக உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். நிறத்துக்கும் வருத்தத்துக்கும் என்ன தொடர்பு? கறுப்பு நாய் என்று எழுதியிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பீர்களா? எனக்குத் தலை சுற்றுகிறது.

இந்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ரமாவின் வீட்டைச் சொல்கிறேன். குளிசையைக் கூட்டினால் ஒருநாள் நல்லது, மறுநாள் மோசம். இப்போது கண்ணும் மஞ்சள். டொக்டர் பிள்ளை திரும்பவும் கேட்டாள், உண்மையாக இந்த நாய் வெளிநாடு போகவில்லையா என்று. ரமாவின் கணவர் இல்லை என்றார். அவள் அவரைப் பார்த்தாள், அவர் சுவரைப் பார்த்தார். காருக்குள் வந்து ரமா கேட்டாள், "ஏன் சொல்லேல்லை?" "சொன்னால் நாயைப் பிடிச்சுக்கொண்டு போய்க் கொல்லுவாங்கள், பிறகு என்னட்டை வருவாங்கள்" என்றார். அதில் எது நடக்கும் எது நடக்காது என்று அவளுக்கும் தெரியாது. ஆகவே பேசாமல் இருந்துவிட்டாள். அவள் பேசியிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன். இல்லை, பேசாதது சரி என்றும் நினைக்கிறேன்.

நாய் இப்போது சாப்பாட்டைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கணவரின் சப்பாத்துக்குள் மூக்கை விட்டுக்கொண்டு அப்படியே கிடக்கிறது.

எழுதுங்கள்.

ஜெயகௌரி


துலூஸ்
12.11.2024

தங்கச்சி,

நீயும் மச்சானும் சுகமாக இருக்கவேண்டும். நேற்று இரண்டு தரம் போன் எடுத்தேன். நீ சொல்வது கேட்காவிட்டாலும் நான் சொல்வது உனக்குக் கேட்கும் என்றுதான். நீ எடுக்கவில்லை. இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

ரமாவின் நாய் சப்பாத்துக்குள் மூக்கை விடுகிறது என்று எழுதியிருந்தாய். அப்படிப்பட்ட நாய்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கலாம். எதற்கும் ரமாவிடம் இதைச் சொல்.

இங்கே ஒரு உண்ணி இருக்கிறது. அது நாயைக் கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி இரத்தத்துக்குள் இறங்கிவிடும். சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அவற்றை உடைக்கும். அந்த உடைந்த இரத்தம்தான் மூத்திரத்தில் போகிறது. அந்த வருத்தத்தை இங்கே பிரோ என்று சொல்வார்கள். இந்தப் பக்கத்தில் பாண் ரொட்டி விற்கிற பெண்ணுக்கும் அது தெரியும். லண்டன் வைத்தியருக்கும் தெரியும், ஆனால் லண்டனை விட்டு அசையாத நாய் என்று சொன்னால் அவர் அதை ஏன் தேடப்போகிறார்? அதற்கு ஊசி இருக்கிறது. போட்டால் மாறும். சில நாய்களில் முழுதாகப் போகாமல் பதுங்கி இருந்து, உடம்பு தளர்ந்த நேரம் திரும்ப எழும்பும். உடம்பின் எதிர்ப்பை அடக்குகிற குளிசையை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று. அந்த நாய்க்கு முன்பே ஒரு தரம் இதே வருத்தம் வந்து மாறியிருக்கலாம். அதன் பழைய சொந்தக்காரர் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். வருத்தக்கார நாய் என்று தெரிந்தால் எடுக்கமாட்டார்கள், பிறகு அதற்குப் போக்கிடம் இல்லை என்று நினைத்திருப்பார். பிரவுண் நாய் என்று யாரோ எழுதினவுடன், இனிச் சொல்லத் தேவையில்லை என்று அவருக்கு நிம்மதியாகவும் இருந்திருக்கும். அந்த மனிதரை ரமா மன்னிக்கவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன்.

ரமாவின் கணவர் உடனே போய் உண்மையைச் சொல்லவேண்டும். அவருக்கு யாரோ எப்போதோ பாரிஸில் சொல்லிக்கொடுத்த பாடம் அந்த நேரத்துக்குச் சரி. இதற்குச் சரியில்லை. சொல்லிக்கொடுத்தவனே சொல்கிறான் என்று சொல்.

செல்வரத்தினம்


நோர்பரி
02.12.2024

அன்பான அண்ணைக்கு,

உங்களுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

போன் அடித்ததைக் கண்டேன். என் குரலில் பிடித்துவிடுவீர்கள் என்று எடுக்கவில்லை.

ரமா உங்கள் கடிதத்தைக் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். ரமா சென்னைக்காரி என்றாலும் கணவர் எங்கள் பக்கத்து ஆள், அதை எழுத மறந்துவிட்டேன். அவர் எழும்பி அலுமாரியைத் திறந்தார். பிரஜாவுரிமை எடுக்கிற அன்று போட்ட கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, நாயைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். ரமாவும் பின்னால் ஓடினாள். டொக்டர் பிள்ளை கதவைத் திறந்ததும், வரவேற்பறையில் இருந்த ஆட்களுக்கெல்லாம் கேட்கத் தன் இங்கிலிஷில் சொல்லத் தொடங்கிவிட்டார். நாயும் நானும் பிரான்சால் வந்தோம். நாய் வான் வண்டியில், நான் லொறியில். எனக்கு ஜெர்மனியில் கேஸ் தள்ளுபட்டது, கொழும்பிலிருந்து நேரே வந்தேன் என்று சொன்னது பொய். நாய் நோர்பரியில் பிறந்தது என்று சொன்னதும் பொய். என்னைப் பிடியுங்கோ, நாயைப் பாருங்கோ.

அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றாள். பிறகு, "சேர், நான் நாயைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்" என்றாள். கம்ப்யூட்டரில் பிரான்ஸ் என்று ஒரு சொல் அடித்தாள். அவ்வளவுதான். கடுதாசி இல்லாமல் வந்த நாயைப் பற்றிக் கவுன்சிலுக்கு அறிவிக்கவேண்டி வரும், அதை வைத்து நாயைக் கொல்லமாட்டார்கள் என்றாள். அவருடைய கதையை அவள் யாருக்கும் சொல்லவும் இல்லை, திரும்பக் கேட்கவும் இல்லை. இத்தனை வருஷம் எதற்குப் பயந்தோம் என்று ரமாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

இரத்தத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சிவப்பு அணுக்களுக்குள் இரண்டு இரண்டாக, பேரிக்காய் வடிவத்தில். ரமாவுக்கும் காட்டினாள். மாட்டுக்குப் போடுகிற ஊசி மருந்து ஒன்றை வேறிடத்தில் இருந்து எடுப்பித்துப் போட்டார்கள். கிருமி செத்துவிட்டது என்றாள். ஆனால் அதற்குள் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஒரு மாதம் முந்தி என்றால், என்று தொடங்கினாள், முடிக்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

நாய் இருபத்துநாலாம் திகதி செத்துப்போனது. பழைய சொந்தக்காரர் மேல் ரமாவுக்குக் கோபம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை என்கிறாள்.

பீற்றரைப் பற்றி இம்முறை ஒன்றும் எழுதவில்லை.

ஜெயகௌரி


துலூஸ்
15.12.2024

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நல்ல சுகம். சாப்பாடு, நித்திரை எல்லாம் குறைவில்லை. உங்கள் சுகத்துக்கு எழுது.

ரமாவிடம் ஒன்று கேட்டு எழுதுவாயா? கடைசி நேரம் அந்த நாய் யாரையாவது தேடினதா? கதவைப் பார்த்ததா? பழைய சொந்தக்காரருக்கு அதை அறிந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

செல்வரத்தினம்


நோர்பரி
28.12.2024

அண்ணை,

ரமா என்று ஒருவரும் இல்லை.

பியேர் உங்களைத் தேடவில்லை. கதவைப் பார்க்கவில்லை. கடைசி இரண்டு நாளும் அவனுக்கு ஒருவரையும் தெரியவில்லை, மடியில் வைத்திருந்த இவரையும் தெரியவில்லை. தேடினான் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதியிருந்தால் உங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் நீங்கள் எங்களுக்கும் நாங்கள் உங்களுக்கும் ஆறுதலுக்கு என்று சொன்னதிலும் சொல்லாமல் விட்டதிலும்தான் அவன் செத்தான்.

இங்கே நாங்கள் சுகமில்லை. இவர் வேலைக்குப் போவதில்லை. நான் சமைத்துவிட்டுச் சாப்பிடாமல் வெளியே கொட்டுகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது, எது கூடுதல் என்று தெரியவில்லை.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், அண்ணை? நல்ல சுகம் என்று எழுதவேண்டாம். எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

ஜெயகௌரி